முன்னோரை அறிதல்

ஹரித்வாரத்தில் கங்கையில் நீராடிக் கரையேறும் வடநாட்டு யாத்திரிகரிடம் அங்குள்ள தீர்த்த புரோகிதர்கள் கேட்பவை சில கேள்விகளே: பூர்விக ஊர் எது? குலம் எது? தந்தையின் பெயர் என்ன? விடை கிடைத்ததும், அந்த ஊருக்கும் குலத்திற்கும் உரிய புரோகிதரிடம் அவரை அனுப்பி வைப்பார்கள். அங்கே நீண்டு ஒடுங்கிய ஓர் ஏடு பிரிக்கப்படும். அதற்கு ‘வஹி’ என்று பெயர். அவருடைய பாட்டனார் எந்த ஆண்டில், யாருடைய அஸ்தியைக் கரைக்க வந்தார், உடன் வந்தவர் யார் என்ற விவரங்களைப் புரோகிதர் படித்துக் காட்டுவார். பாட்டனார் இட்ட கையொப்பத்தையும் அங்கே காணலாம்.

தாம் பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட ஒருவரின் கையெழுத்தைக் காணும்போது மனம் நெகிழாதவர் அரியர். அதன்பின் அவர், தம் குடும்பத்தில் இடைக்காலத்தில் நிகழ்ந்த பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைச் சொல்வார். அவை ஏட்டில் சேர்க்கப்படும். அவரும் கையொப்பமிடுவார். என்றோ ஒரு நாள் அவருடைய பேரன் வந்து அதைக் காண்பான்.

இத்தகைய வமிச ஏடுகள் காசி, கயை, குருக்ஷேத்திரம் முதலிய தலங்களிலும் உண்டு. பீகாரின் மிதிலைப் பகுதியில் ‘பஞ்சி’ எனப்படும் வமிசாவளி பல நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டு வருகிறது. மணமக்கள் நெருங்கிய இரத்த உறவினர் அல்லர் என்பதை அந்த ஏட்டைப் பார்த்து உறுதி செய்த பின்னரே அங்கே திருமணம் நிச்சயிப்பது மரபு.

கடன் என்னும் உணர்வு

முன்னோரை நாம் ஏன் அறிய வேண்டும்? மனிதன் மூன்று கடன்களுடன் பிறக்கிறான் என்று சாஸ்திரங்கள் கூறுகின்றன. அவை தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் உரியவை. நாம் பேசும் மொழி, உண்ணும் உணவின் பக்குவம், வாழும் இல்லம், வணங்கும் முறை இவற்றில் எதையும் நாம் புதிதாகப் படைக்கவில்லை. யாரோ உழைத்தார்கள், நாம் பெற்றுக்கொண்டோம். ‘நானே என்னை உருவாக்கினேன்’ என்னும் அகந்தை, முன்னோரை நினைத்த மாத்திரத்தில் தளர்ந்துவிடுகிறது. முன்னோர் வழிபாட்டின் முதற்பயன் இதுவே.

ஆனால் இந்த நினைவே வேறோர் அகந்தைக்கும் வித்தாகக்கூடும். ‘என் குலம் உயர்ந்தது, உன் குலம் தாழ்ந்தது’ என்னும் எண்ணம் முன்னோரின் பெயரைச் சொல்லியே வளர்கிறது. அதனால் புண்பட்டவர் எத்தனையோ பேர். தம் முன்னோர் யார் என்றே அறியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தில் இடம் இல்லையா?

சாந்தோக்ய உபநிஷதம் இதற்கு விடை தருகிறது. குருவிடம் செல்ல விரும்பிய சத்தியகாமன், தன் கோத்திரம் எது என்று தாய் ஜபாலையைக் கேட்டான். தான் இளமையில் பல இடங்களில் பணிபுரிந்து வந்ததாகவும், அவனுடைய கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும் அவள் ஒளிக்காமல் கூறினாள். தன் பெயரைச் சேர்த்துச் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள்ளுமாறு அனுப்பினாள். அவன் அதை அப்படியே கௌதம முனிவரிடம் தெரிவித்தான். சத்தியத்திலிருந்து வழுவாத அவனை முனிவர் சீடனாக ஏற்றுக்கொண்டார். வமிச ஏட்டில் இடம்பெறாத ஒரு பிள்ளை, தாயின் பெயரையும் அவள் தந்த உண்மையையும் மட்டுமே கொண்டு உபநிஷதத்தில் இடம்பெற்றான்!

ஓர் எளிய கணக்கு

குலப்பெருமையைத் தெளிவிக்க எளிய கணக்கு ஒன்று போதும். நமக்குப் பெற்றோர் இருவர். அவர்களுடைய பெற்றோர் நால்வர். அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பாகிப் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் ஆகின்றன. தந்தை வழியாக மட்டும் செல்லும் கோத்திரம் அந்த 1,024 இடங்களுள் ஒன்றைத்தான் சுட்டுகிறது. மற்றவர்கள் நம் முன்னோர் அல்லரா? தாயின் தாய், அவளுடைய தாய் என்று செல்லும் வரிசையில் நமக்கு எத்தனை பெயர்கள் தெரியும்?

முப்பதாம் தலைமுறைக்குச் சென்றால் எண்ணிக்கை 107 கோடியைத் தாண்டுகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று கொண்டால் அது சுமார் 750 ஆண்டுகளுக்கு முந்தைய காலம். அன்று உலகம் முழுவதிலுமே அத்தனை மக்கள் வாழ்ந்ததில்லை. அதில் பாதியளவும் இல்லை என்றே அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் கணக்கு பொய்யா? இல்லை. ஒருவரே பல கிளைகளில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறார். என் மரத்தில் இருப்பவரே உங்கள் மரத்திலும் இருக்கிறார். இதையே நாம் உறவு என்கிறோம்.

மண்ணும் மரபணுவும் சொல்வது

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து பாரத மக்களின் மரபணுக்களை ஆராய்ந்தனர். 2009, 2013ஆம் ஆண்டுகளில் வெளியான அந்த ஆய்வுகளின்படி, இன்றைய இந்தியர்களுள் மிகப் பெரும்பாலோர் பழங்கால மக்கள்திரள்களின் கலப்பிலிருந்து தோன்றியவர்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கலப்பு பரவலாக நிகழ்ந்தது. தத்தம் குழுவுக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கம் இறுகியது அதன் பின்னரே. இன்று வேலி கட்டி நிற்கும் குலங்களின் வேர்கள், வேலிக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இன்னும் பின்னே செல்வோம். மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா என்னும் பாறைக் குகைகள் உள்ளன. 1957ஆம் ஆண்டு தொல்லியலாளர் வாகண்கர் அங்கே பழங்கால ஓவியங்களைக் கண்டறிந்தார். 2003இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாயின. வேட்டையாடுபவர்களும் நடனமாடுபவர்களும் விலங்குகளும் அப்பாறைகளில் தீட்டப்பட்டுள்ளனர். அதே மாநிலத்தில், நர்மதைக் கரையில் உள்ள ஹத்னோராவில் 1982ஆம் ஆண்டு நிலவியலாளர் அருண் சோனாகியா ஒரு மண்டையோட்டின் பகுதியைக் கண்டெடுத்தார். அது நம்மினம் பாரதத்திற்கு வருமுன் இங்கு வாழ்ந்த தொன்மையான மனித வகையினருடையது.

நம்மினம் தோன்றிய இடம் ஆப்பிரிக்கா. மொராக்கோ நாட்டில் கிடைத்த எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2017இல் அறிவிக்கப்பட்டது. அக்கண்டத்திலிருந்து புறப்பட்டவர்களே பாரதத்திலும் பிற நாடுகளிலும் பரவினார்கள். நிறமும் முகமும் மொழியும் பின்னர் வேறுபட்டன. வீடு மட்டும் ஒன்றே.

ஓர் ஆறு சொல்லும் பாடம்

இதை விஞ்ஞானம் இன்று கூறுகிறது. நம் சடங்கோ வேறொரு வழியில் இதே இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது. தர்ப்பணத்தில் முதலில் தந்தை வழியில் மூன்று தலைமுறையினருக்கு நீர் வார்க்கிறோம். தாய் வழியினருக்கும் வார்க்கிறோம். நிறைவில், தாய், தந்தை, உறவினர், நண்பர் என எவருமே இல்லாதவர்களுக்கும் வார்க்கிறோம். பிரம்மா முதல் புல் வரை அனைத்தும் திருப்தி அடைக என்று வேண்டும் முறையும் உண்டு. மூன்று பெயர்களில் தொடங்கிய கை, எல்லா உயிர்களையும் நோக்கி நீள்கிறது. இதன் பொருளை உணராமல் நீரை மட்டும் விடுவதால் என்ன பயன்?

பகீரதனை நினைத்துப் பாருங்கள். சாம்பலாகிக் கிடந்த தன் முன்னோரின் நற்கதிக்காகவே அவன் தவம் செய்தான். அவனுக்கு முன் அம்சுமானும் திலீபனும் முயன்றும் கைகூடாத காரியம் அவனால் நிறைவேறியது. ஆனால் அவன் கொணர்ந்த கங்கை அவனுடைய முன்னோரின் சாம்பலை மட்டும் நனைத்துவிட்டு வற்றிப் போகவில்லை. குலம் கேளாமல், கோத்திரம் கேளாமல் கோடிக்கணக்கானோரின் தாகத்தை இன்றும் தணித்துக்கொண்டிருக்கிறது. தன் முன்னோருக்காகச் செய்த காரியம் அனைவருக்குமான காரியமாக நிறைவுற்றது. பித்ரு கடன் தீரும் வழி இதுவே.

பயிற்சிக்கு

1. உங்கள் கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி எண்மரின் பெயர்களையும் எழுத முயலுங்கள். விடுபட்ட பெயர்களை வீட்டு முதியவர்களிடம் இன்றே கேளுங்கள். அவர்களுடன் அந்த நினைவுகளும் மறைந்துவிடக்கூடும்.

2. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த நற்பண்பு ஒன்றைக் குறியுங்கள். அவர்கள் செய்த தவறு ஏதேனும் தெரிந்தால், அதை நீங்கள் தொடராதிருக்க உறுதி கொள்ளுங்கள்.

3. முன்னோர் திதியன்று, உறவினர் அல்லாத ஒருவரின் பசியையோ தேவையையோ போக்குங்கள். கணக்குப்படி, அவரும் உங்கள் உறவினரே.