குடியும் பசியும்

குடி குடியைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். குடிப்பவரே பட்டினி கிடக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஒரு கிராம் ஆல்கஹால் ஏறக்குறைய 7 கலோரி தருகிறது. ஆனால் அதில் புரதமோ வைட்டமினோ இல்லை. மேலும் தயாமின் என்னும் வைட்டமின் பி1-ஐக் குடல் உறிஞ்சாதபடி மது தடுக்கிறது. இச்சத்து மிகக் குறைந்தால் மூளை பாதிக்கப்பட்டு நினைவு குழம்பும், நடை தள்ளாடும். அத்தள்ளாட்டத்தையும் போதை என்றே தெருவில் நகைக்கிறார்கள்! இத்தகையோருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் மருத்துவர்கள் தயாமின் ஊசி போடுவது இதனாலேயே.

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குகிறது.

சரி, தந்தை குணமாகும் வரை பிள்ளைகள் பசியோடு காத்திருக்க முடியுமா? தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ, ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணையே தலைவி ஆக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்த அரிசியையும் விற்றுக் குடிப்பவர் உண்டே! ஆகவே, 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டமுமே எங்களுக்கு மேலானவையாகத் தோன்றுகின்றன. அவை பிள்ளையின் தட்டிலேயே உணவை இடுகின்றன. ஆனால் கோடை விடுமுறையில் பள்ளியில் உலை ஏறுவதில்லை. சமூகப் பணியாளர்கள் இவ்வீடுகளுக்கு முதலில் செல்ல வேண்டியது அந்நாட்களில்தான்.