கணினி உங்கள் பலகையைக் காணாவிட்டால்: ஏழு அறிவுரைகள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பாண்டிருப்பிலோ மருதமுனையிலோ வீட்டில் செப்புப் பலகை அரித்து மைக்ரோகொன்ட்ரோலர் பொருத்துகிற எல்லாருக்கும் இது ஒருநாள் வரும்: யூஎஸ்பியில் செருகினால் கணினி பலகையை ஏற்காது. உடனே புரோகிராமைக் கிளறாதீர்கள். இழை அறுந்தால் மருதமுனை நெசவாளர் எந்த இழை என்று பார்ப்பார், தறியைப் பிரிக்கமாட்டார். கணினியும் ஒரு ஒழுங்கில்தான் போகும்: மின்சாரம் கொடுக்கும், பலகை வந்ததை அறியும், ரீசெற் செய்யும், விவரம் கேட்கும், 1 முதல் 127 வரை ஒரு முகவரி கொடுக்கும். எந்தப் படியில் நின்றது என்று தேடுங்கள்.

1. முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சில மலிவான சார்ஜர் கேபிள்களில் மின்சார வயர் இரண்டு மட்டும்தான் உண்டு. எல்ஈடி எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. அதே கேபிளால் போனிலிருந்து ஒரு படத்தை எடுக்க முடிந்தால் கேபிள் நல்லது.

2. மல்டிமீற்றரை எடுங்கள். சொக்கெற்றில் 5 வோல்ற், 3.3 வோல்ற் சிப் என்றால் அதன் காலில் 3.3 இருக்கவேண்டும். டைப்-சி சொக்கெற் போட்டால் இரண்டு சிசி கால்களிலிருந்தும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் தடையி தரைக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது.

3. பலகை வந்ததை அறிவிப்பது 1.5 கிலோ ஓம் தடையி. 12 மெகாபிற் வேகத்துக்கு அது டி பிளஸ் என்ற தரவு வயரில், 1.5 மெகாபிற்றுக்கு டி மைனஸ் என்ற மற்றத் தரவு வயரில். புளூ பில் என்று விற்கப்படும் மைக்ரோகொன்ட்ரோலர் பலகைகள் பலவற்றில் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் இருக்கும். டி பிளஸுக்குரிய பிஏ12 காலுக்கும் 3.3 வோல்ற்றுக்கும் இடையில் 1.8 கிலோ ஓம் ஒன்றைச் சமாந்தரமாகப் பற்றவையுங்கள், கணக்குச் சரியாகும்.

4. வேகமான சிப்பை லினக்ஸ் பதிவு "லோ ஸ்பீட்" என்று காட்டினால் டி பிளஸும் டி மைனஸும் மாறிப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

5. கடிகாரத் துடிப்பில் கவனம். 12 மெகாபிற்றில் பிழை 0.25 வீதத்தைத் தாண்டக்கூடாது, மெது வேகத்தில் 1.5 வீதம். சிப்புக்குள் இருக்கும் சாதாரண ஆர்சி துடிப்பு 12 மெகாபிற்றுக்குப் போதாது. கிறிஸ்டலையும் அதன் இரு கொள்ளளவிகளையும் சிப்புக்கு அருகிலேயே வையுங்கள். புரோகிராமில் எழுதிய மெகாஹேட்ஸும் கிறிஸ்டலில் பொறித்ததும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

6. பிழை எண்ணை வாசியுங்கள். லினக்ஸில் மைனஸ் 110 என்றால் பலகை உரிய நேரத்துக்குள் பதிலை முடிக்கவில்லை. மைனஸ் 71 என்றால் பதில் சிதைந்து வந்தது அல்லது வரவே இல்லை, திரும்பவும் வயரையும் துடிப்பையும் பாருங்கள். முகவரி கொடுக்கும் இடத்தில் நின்றால் புரோகிராமுக்குப் போங்கள்: பழைய முகவரியான 0 இலேயே பதிலை முடித்த பிறகுதான் புதிய முகவரிக்கு மாறவேண்டும். விவரப் பட்டியலின் முதல் பைற் 18 தானா என்றும் பாருங்கள்.

7. நமக்குக் கடல் பக்கம். உப்புக் காற்றில் வெறும் செம்பு கெதியாகப் பச்சை பிடிக்கும். பற்றவைத்த இடத்து பிளக்ஸை அல்ககோலால் கழுவி, செம்புக்கு ஈயம் பூசி, மேலே வார்னிஷ் அடியுங்கள். நேற்று வேலை செய்த பலகை இன்று நின்றால் புரோகிராமை விட்டுவிட்டு இதைத்தான் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பலகை வேலை செய்யலாம், ஆனால் எதனால் என்று தெரியாது. அடுத்த பலகையில் திரும்பவும் கேபிளில் இருந்து தொடங்கவேண்டி வரும்.