அமிலமும் உலோகமும்

படித்து அறிக

உலோகங்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் அவற்றின் வேறுபாடு புலப்படும். மெக்னீசியம் குமிழிகளை எழுப்பி விரைந்து கரையும். சோதனைக் குழாயும் சூடேறும். துத்தநாகம் அதனினும் மெதுவாகவும், இரும்பு இன்னும் மெதுவாகவும் வினைபுரியும். அலுமினியமோ முதலில் வாளாவிருக்கும்; அதன்மேல் படிந்துள்ள ஆக்சைடு படலம் கரைந்த பின்னரே குமிழிகள் தோன்றும். செம்பில் குமிழியே எழாது. சோடியமும் பொட்டாசியமும் வெடிப்புடன் வினைபுரியும். ஆதலால் அவற்றை அமிலத்தில் இடுதல் ஆகாது.

எழும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயுவாகும். உலோகம் அமிலத்திலுள்ள ஹைட்ரஜனை வெளியேற்றி, அதன் இடத்தைத் தான் பெற்று உப்பாகிறது. எரியும் குச்சியைக் குழாயின் வாயருகே காட்டினால் அவ்வாயு 'பட்' என்னும் ஒலியுடன் எரியும்.

1766இல் ஹென்றி காவெண்டிஷ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இவ்வாயு எரியக்கூடியது என்றும், காற்றினும் மிக இலேசானது என்றும் எடுத்துரைத்தார். 1783 ஆகஸ்ட் 27ஆம் நாள் பாரிசில் ழாக் சார்லஸ் என்பவர், இரும்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஹைட்ரஜன் உண்டாக்கி, பட்டுத்துணிப் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். அது கொனெஸ் என்னும் சிற்றூரில் இறங்கியது. அஞ்சிய ஊரார் கவைக்கோல்களால் அதனைக் குத்திக் கிழித்தனர்!

செம்பு ஹைட்ரஜனை வெளியேற்றாது என்பதால் அதில் புளிக்குழம்பு வைக்கலாமா? கூடாது. காற்றுப் படும்போது புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலத்தில் செம்பு சிறிது சிறிதாகக் கரையும். அவ்வுணவு வாந்தியும் வயிற்றுவலியும் தரும். ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசுவர். வடநாட்டிலும் தமிழகத்திலும் இதற்குக் 'கலாய்' என்னும் பெயர் உண்டு. பூசப்படுவது வெள்ளீயம், நச்சுத்தன்மையுள்ள காரீயம் அன்று. 'ஈயம்' என்னும் சொல் ஒன்றே, பொருள் இரண்டு. வேறுபாடு அறிந்து வழங்குதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

நீர்த்த – நீர் கலந்து செறிவு குறைந்த
வாளா – சும்மா
புலப்படும் – தெரியவரும்
கவைக்கோல் – நுனி பிளவுபட்ட கோல்

பயிற்சி

1. அமிலத்தில் வினைபுரியும் விரைவு குறையும் வரிசையில் எழுதுக: இரும்பு, செம்பு, மெக்னீசியம், துத்தநாகம்.
2. அலுமினியம் உடனே வினைபுரியாதது ஏன்?
3. பிரித்து எழுதுக: வெள்ளீயம், காரீயம், இவ்வாயு.
4. கலாய் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் தயிர் வைக்கலாகாது என்பதை இளையோர்க்கு விளக்கும் முறையில் ஐந்து வரிகள் எழுதுக.