வள்ளம் இறக்க எந்த டவுன்?

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு கொத்மலைக்கு வந்து இறங்குவார்கள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "அண்ணே, துடுப்பு போட்டு ஆத்துல போகணும், எங்க தங்குறது?" நான் வாய் திறக்குமுன் அவர்களே ஒரு பதிலையும் சொல்வார்கள். அது எப்போதும் நுவரெலியாதான்.

மலைநாட்டில் எதைப் பார்ப்பதானாலும் நுவரெலியாவில் அறை எடுக்க வேண்டும் என்பது ஊறிப்போன நம்பிக்கை. ஆற்றுப் பயணத்துக்கு அது பொருந்தாது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆறுகள் அங்கே இன்னும் ஓடைகள். கல்லும் சரிவுமாகக் குதித்து இறங்கும் அந்தத் தண்ணீரில் வள்ளம் மிதக்காது. டவுனில் இருக்கும் கிரகரி வாவி 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைத்தது. குழந்தைகளோடு ஒரு மணி நேரம் படகில் சுற்ற நல்ல இடம், அவ்வளவுதான்.

ஓடும் ஆற்றில் போக ஆசைப்படுகிறவருக்கு வாசல் கித்துல்கல. ஹட்டன் – அவிசாவளை வீதியில், களனி கங்கைக் கரையில் இருக்கிறது. 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தின் பாலம் கட்டப்பட்டதும் இங்கேதான். கொழும்பிலிருந்து வருகிறவர் அவிசாவளை வழியாக நேரே வந்துவிடலாம், மலை ஏறவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் இருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்க வேண்டும்.

அமைதியான தண்ணீரில் துடுப்பு வலிக்க வேண்டுமானால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அதற்கு ஹட்டன்தான் சரி. ரயில் நிலையம், கடைத்தெரு, நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் பஸ் எல்லாம் உண்டு. ஆனால் டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணிக்குப் போகும் கூட்டம் ஹட்டனை நிறைத்திருக்கும். முன்கூட்டியே அறை சொல்லாமல் வந்து இரவு பத்து மணிக்கு வீதியில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த நம்பிக்கைதான் என்னைப் பயப்பட வைக்கிறது. "நாலு நாளா வெயில், ஆத்துல தண்ணி ஏறாது." மழையை மட்டும் நம்பி ஓடிய காலத்து ஆறுகள் இப்போது இங்கே இல்லை. கித்துல்கலைக்கு மேலே கெசல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் காசல்ரீயும் மவுசாகலையும் மறித்து நிற்கின்றன. அந்தத் தண்ணீர் விமலசுரேந்திர, கென்யன், லக்சபான, பொல்பிட்டிய என்று மின் நிலையம் மின் நிலையமாக இறங்கித்தான் ஆற்றுக்கு வருகிறது. மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் டர்பைன் ஓடும், ஆறு ஏறும். நிறுத்தினால் வடியும். வானத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

கித்துல்கலைக் கரையில் நின்று ஒரு பாறையைக் கவனியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஈரம் கறுத்த ஒரு கோடு தெரியும். சில நேரம் அது முழங்கால் உயரம், சில நேரம் அதற்கும் மேல். ஆறு இறங்கி அதிக நேரம் ஆகவில்லை, மறுபடியும் அங்கே வரும் என்று அந்தக் கோடு சொல்கிறது. அங்கே ரப்பர் படகு ஓட்டும் பையன்கள் துடுப்பைக் கையில் எடுக்குமுன் அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கண் உள்ளவர்கள் இருக்கும் ஊர்தான் உங்களுக்கு வேண்டும்.

மழைக்கும் ஒரு சொல். நுவரெலியாவில் வெயில் அடித்தால் மலைநாடு முழுக்க வெயில் என்று நினைக்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை மே தொடங்கி செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில்தான் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

இனி எங்கள் ஊர். வரைபடத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் நீலமாக விரிந்து கிடப்பதைப் பார்த்து, "இங்கேயே வள்ளம் போட்டு ஆற்றோடு கம்பளை வரை போகலாமே" என்கிறார்கள். முடியாது. 87 மீற்றர் உயர அணைக்கட்டு நடுவில் நிற்கிறது. சுவீடன் உதவியோடு கட்டி 1985இல் திறந்தது. தண்ணீர் சுரங்கத்தின் வழியே நிலத்தடி மின் நிலையத்துக்குப் போய்விடுவதால் அணைக்குக் கீழே கொத்மலை ஓயாவில் பெரும்பாலும் கல்தான் தெரியும். வான்கதவு திறந்தால் அந்தக் கற்படுக்கையே வெள்ளமாகிவிடும். தலவாக்கலையில் 2012இல் வந்த மேல் கொத்மலை அணைக்குக் கீழேயும் இதே கதை. வான்கதவு அறிவிப்பு வந்தால் குளிக்க இறங்கியவரும் கரையேறியே ஆக வேண்டும்.

நீர்த்தேக்கத்தின் கரையும் நிலையாக நிற்பதில்லை. வறட்சியில் மட்டம் இறங்கினால் மூழ்கிப்போன கடதொர விகாரையின் எச்சங்கள் வெளியே வரும். அப்போது கரைக்கும் தண்ணீருக்கும் இடையே மேலே வெடித்து, உள்ளே இளகிய சேறு. கால் வைத்தால் தொடை வரை இறங்கும். நீந்தத் தெரிந்தவனுக்கும் அந்தச் சேற்றில் நீச்சல் உதவாது. பொறுப்பான அதிகாரிகளிடம் கேட்காமல் எந்த நீர்த்தேக்கத்திலும் வள்ளம் இறக்காதீர்கள்.

"ராத்திரியே வந்துட்டா ஒரு நாள் மிச்சம்" என்பதும் வேண்டாம். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வளைவுகளைப் பகலில் கடக்க வேண்டும். கிலோமீற்றரைக் கணக்கிட்டு நேரம் சொல்லாதீர்கள். இங்கே முப்பது கிலோமீற்றருக்கு ஒன்றரை மணி நேரம் சாதாரணம்.

தங்கும் ஊரில் இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். காசல்ரீ பக்கம் போகிறவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. இந்திய உதவியில் எழுந்த அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கித்துல்கலையில் இருந்தால் அவிசாவளைப் பக்கம் ஓட வேண்டும். இலவச அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

போன விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் நான் சொன்னபடி கித்துல்கலைக்கே போனார்கள். காலை எட்டு மணிக்கு போன் வந்தது. "அண்ணே, தண்ணி இன்னும் விடலயாம், பதினோரு மணிக்கு மேலதான் இறக்குவாங்களாம். கரையில உக்காந்து ரொட்டி சாப்பிடுறோம்."