கொச்சியில் பறவை காண இரு இடங்கள்

பறவைகளைக் காண வேடந்தாங்கலுக்குத்தான் செல்லவேண்டும் என்பதில்லை. மட்டாஞ்சேரியில் வாழும் மாணவருக்கு அருகிலேயே இரு நல்ல இடங்கள் உள்ளன.

முதலாவது, எறணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தின் பின்னே அமைந்த மங்களவனம். 3 எக்டேருக்கும் குறைந்த இச்சிறு கண்டற்காடு 2004-இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. அந்திப்பொழுதே ஏற்றது. பகலில் மீன் பிடித்த நீர்க்காகங்கள் அப்போது அடைய வரும்; பகலெல்லாம் உறங்கிய இராக்கொக்குகள் இரைதேடப் புறப்படும்.

இரண்டாவது, தெற்கே செல்லானத்தை அடுத்த கண்டக்கடவு வயல்கள். உவர்நிலத்தைத் தாங்கும் பொக்காளி நெல் இங்கு மழைக்காலத்தில் விளையும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் மதகு வழியே காயல்நீரை விட்டு இறால் வளர்ப்பர். வலசைப் பறவைகளாகிய உள்ளான்களும் ஆலாக்களும் வருவது அக்காலத்தில்தான். நீர் வடிந்து சேறு தெரிந்தால் உள்ளான்கள் புழுத் தேட இறங்கும். ஆதலின் ஓதம் வடியும் நேரம் அறிந்து செல்க.

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திப்போம். நெல்வயலைத் தூர்ப்பதைத் தடுக்கக் கேரளம் 2008-இல் சட்டம் இயற்றியது. ஆயினும் சட்டம் சேற்றில் இறங்கி விதைப்பதில்லை, உழவரே விதைக்கின்றனர். அவர் கைவிட்டால் வயலும் இல்லை, பறவையும் இல்லை. ஆகவே, நண்பர்களே, குறிப்பேட்டில் பறவையின் பெயரோடு, அவ்வயலில் அவ்வாண்டு நெல் விளைந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.