கிறீன் வைத்தியரின் நூல்களைத் தேடி

சென்ற தீபாவளிக்கு மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பாட்டியார், "நீ என்னதாம்பா படிக்கிறே?" என்று கேட்டார். இரசாயனத்தில் முதுகலை பயிலும் நான் ஐந்து நிமிடம் விளக்கினேன். வினைச்சொற்கள் மட்டுமே தமிழாயிருந்தன. "சரி, சாப்பிட வா" என்று பாட்டியார் எழுந்துவிட்டார். அந்த வெட்கமே என்னைச் சாமுவேல் பிஸ்க் கிறீனிடம் கொண்டு சேர்த்தது.

யார் இவர்? 1822-இல் அமெரிக்காவில் பிறந்து, 1847-இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர். இடையே சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை அங்கிருந்து, மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களை மேனாட்டு வைத்தியராக்கினார். பின்னாளில் பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். பாடம் தமிழிலென்றால் நூலும் தமிழில் வேண்டுமன்றோ? மான்செல்லின் நூல் 'பிரசவ வைத்தியம்' (1857) ஆயிற்று. துருவிற்றின் அறுவை நூல் 'இரண வைத்தியம்' (1867) ஆயிற்று. வெல்ஸின் இரசாயன நூல் 'கெமிஸ்தம்' (1875) என வெளிவந்தது. இப்பணியில் அவருடைய தமிழ் மாணவர்கள் தோள்கொடுத்தனர். தாயகம் திரும்பிய பிறகும் 1884-இல் மறையும்வரை அவர் இதை விடவில்லை.

'கெமிஸ்தம்' என்ற பெயரைக் கண்டு நான் முதலில் சிரித்தேன். பின்னரே அதன் முறை விளங்கிற்று. முதலில் தமிழில் சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லையேல் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணக்கி எடுத்துக்கொள்வது. உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்', உடலியக்கத்துக்குச் 'சுகரணம்' என்று பெயரிட்டவரே, இரசாயனத்தைக் 'கெமிஸ்தம்' ஆக்கினார். இச்சொல் நிலைக்கவில்லை, நிலைக்காததில் எனக்கு வருத்தமுமில்லை. ஆனால் தூய்மைக்காகவும் காத்திராமல், சோம்பலுக்கும் இடங்கொடாமல் பாடத்தை நடத்திச் சென்ற துணிவு பெரிது.

இந்த ஐதராபாத்திலும் அத்தகைய முயற்சி நடந்ததுண்டு. 1917-இல் மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை நிறுவி, மறு ஆண்டே உருதுவைப் போதனாமொழியாகக் கொண்டு தொடங்கியது உசுமானியாப் பல்கலைக்கழகம். கிறீன் அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியவர்!

நூல்களைத் தேடுவோர்க்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்வேன். ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பழம்புத்தகக் கடைகளில் நான் அலைந்தது வீண். 'நூலகம்' போன்ற எண்ணிம நூலகங்களே கைகொடுத்தன. கிறீன், கிரீன் என இருவகையாகவும் தேடுக. அகப்படாவிடில் மூல ஆசிரியர் பெயரில் பார்க்க. மொழிபெயர்த்தவரைப் பட்டியல்கள் பல சமயம் மறந்துவிடுகின்றன. முகப்புப் பக்கத்தை விடாமல் படியெடுக்க. ஆண்டும் உழைத்தவர் பெயரும் அங்கேதான் இருக்கும். கவிஞர் அம்பி 1967-இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' நல்ல வழித்துணை.

இதுவரை மூன்று நூல்களைப் படியெடுத்துக் கட்டடம் செய்துள்ளேன். 'பிரசவ வைத்தியம்' இன்னும் கைக்கு வரவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், வீட்டில் வைத்தியர் பரம்பரை உண்டாயின், பரணை ஒருமுறை பாருங்கள். நூலைத் தர வேண்டாம். படியெடுக்க ஒருநாள் தந்தால் போதும்.