பொறை என்னும் சொல்லும் கேள்வி என்னும் சொல்லும்

பிற சமயத்தவரோடும் மாற்றுக் கருத்துடையவரோடும் இணங்கி வாழும் பண்பினைக் குறிப்பதற்கு இன்று பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் "சகிப்புத்தன்மை" என்ற சொல் பெருவழக்காக உள்ளது. சகித்தல் என்பது வடமொழி வழியாக வந்தது. இதே பண்பினைச் சுட்டுதற்குத் தமிழில் தொன்றுதொட்டு வழங்கிவரும் சொல் பொறை என்பதாகும். சமயப் பொறை என்று கூறும் வழக்கும் உண்டு.

பொறை என்பது முதலிற் பாரத்தைக் குறித்த சொல். பொறுத்தல் என்றால் சுமத்தல். யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களிற் சுமைதாங்கிக் கற்களை இன்றும் காணலாம். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறும் பொருட்டு ஆள் உயரத்துக்குக் கட்டப்பட்டவை அவை. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகவே அவற்றிற் பல எழுப்பப்பட்டன. இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியே போகும் எவருடைய சுமையையும் தாங்கும்படி ஒரு கல்லை நிறுத்தினார்கள். சுமையை இறக்குபவர் எந்த ஊரவர், எந்தச் சமயத்தவர் என்று கல் விசாரிப்பதில்லை. பொறை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைப்பது அரிது.

இச்சொல்லின் எதிர்மறை இன்னும் சிந்திக்கத்தக்கது. பொறு என்பதிலிருந்து பொறுமை வந்தது. அதே அடியிலிருந்துதான் பொறாமையும் வந்தது. பொறாமை என்றால் நேர்ப்பொருளிற் பொறுக்கமாட்டாமை என்பதே. பிறர் செய்யும் தீங்கினைப் பொறுக்க மாட்டாமையை அச்சொல் குறிக்கவில்லை. பிறருடைய நன்மையைப் பொறுக்க மாட்டாமையையே குறிக்கின்றது. அயலவனுடைய தீங்கை மன்னித்துவிடுபவர் கூட, அவனுடைய பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தால் மனம் புழுங்குவதுண்டு. திருவள்ளுவர் பொறையுடைமையைப் பதினாறாம் அதிகாரமாகவும், பொறாமையை விலக்கும் அழுக்காறாமையைப் பதினேழாம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தமை இதனால் நன்கு விளங்கும்.

நோன்பு என்ற சொல்லும் இக்குடும்பத்துக்கு உறவானதே. நோன்றல் என்றால் பொறுத்தல். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பதுமே தவத்தின் வடிவம் என்பது வள்ளுவர் கருத்து. கந்தசஷ்டியில் ஆறு நாளும் நோன்பிருக்கும் அடியார் பசியைப் பொறுக்கின்றார். இந்நாட்டு முஸ்லிம் மக்களும் றமழான் மாத விரதத்தை நோன்பு என்றே தமிழிற் கூறுவர். பெருநாளுக்கும் நோன்புப் பெருநாள் என்றே பெயர். கத்தோலிக்கர் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முன்வரும் காலத்தைத் தவக்காலம் என்பர். மூன்று சமயத்தவரும் தத்தம் புனித நாட்களுக்குத் தமிழின் ஒரே களஞ்சியத்திலிருந்து சொல் எடுத்திருக்கின்றார்கள். சமய ஒற்றுமை பற்றி மேடைகளிற் பேசுவோர் இதனை ஏனோ கூறுவதில்லை.

ஆயினும் பொறுமை என்ற சொல் தவறான இடத்திலும் பயன்பட்டுள்ளது. "பொறுங்கோ" என்பதற்குப் பேச்சுத் தமிழிற் காத்திருங்கள் என்பதும் பொருள். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுக்கு அந்தச் சொல்லே தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1956இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறியது. அவ்வாறிருந்தும் 1968இல் மாவிட்டபுரத்தில் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்காக அடியார்கள் வாசலிற் காத்திருந்து போராட வேண்டியிருந்தது. அன்று பொறையுடையோராக இருந்திருக்க வேண்டியவர் யார்? வெளியே நின்றவரா, கதவைப் பிடித்து நின்றவரா? சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குபவனே உண்மையில் அடக்குபவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன அடக்காவிட்டால் என்ன என்பது வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வரும் கருத்து. பொறையும் அத்தகையதே. அது வலியவரிடம் கேட்கப்பட வேண்டியது. இவை பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. வடம் பிடிக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்க மனமில்லாமல் வடபகுதிக் கோயில் ஒன்றில் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது 2018ஆம் ஆண்டிலேதான்.

இனி மற்றைய சொல்லுக்கு வருவோம். புதிய கருத்துக்கு மனத்தைத் திறந்து வைத்தலைத் தமிழ் கேள்வி என்றது. இன்று கேள்வி என்றால் வினா என்றே மாணவர் கொள்வர். திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரமாகிய கேள்வி என்பதன் பொருளோ கேட்டறிதல் என்பது. செவி கொடுப்பதற்கும் வினாவுவதற்கும் ஒரே வினைச்சொல் இருப்பது தமிழின் அழகு. வினாவாமற் கேட்பவன் தலையாட்டுகின்றான். கேளாமல் வினாவுபவன் வாதாடுகின்றான்.

சைவ சித்தாந்த மரபில் இதற்கு ஒப்பற்ற உதாரணம் அருணந்தி சிவாசாரியார். எல்லா ஆகமங்களிலும் வல்லவர் என்பதனாற் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்ற முதியவர் அவர். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுபிள்ளை சிவஞானபோதம் போதிப்பதாகவும், தம்முடைய மாணாக்கர்களே அங்கே செல்வதாகவும் அறிந்து சினத்தோடு சென்றார். ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று வினவினார். மெய்கண்டாராகிய அந்தப் பிள்ளை வாய்திறக்கவில்லை. எதிரே நின்றவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்கியது என்றும், விரலாற் சுட்டியது என்றும் மரபுரை கூறும். அக்கணமே பண்டிதர் அடிபணிந்து மாணாக்கரானார். வினாவோடு வந்தவர் விடையைக் கேட்கவும் தயாராக இருந்தார் என்பதே இவ்வரலாற்றின் அருமை. வயதும் கல்வியும் கூடக்கூட அது கடினமாகின்றது.

அவர் பின்னர் இயற்றிய சிவஞான சித்தியாரின் முதற்பகுதி பரபக்கம் எனப்படும். உலோகாயதம், பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், சமணம், ஆசீவகம், மாயாவாதம், பாஞ்சராத்திரம் முதலாகப் பதினான்கு மதங்கள் அங்கே பேசப்படுகின்றன. ஒவ்வொன்றையும் அந்தந்த மதத்தவர் கூறும் வகையிலேயே முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். கடவுளே இல்லை என்னும் உலோகாயதனுக்கும் அந்நூலிற் பேச இடம் உண்டு. ஆசீவகருடைய சொந்த நூல்கள் அழிந்துபோய்விட்ட நிலையில், அவர்களின் கொள்கையை அறிவதற்குத் தமிழில் உள்ள மூலங்களில் ஒன்றாக இந்தப் பரபக்கம் விளங்குகின்றது. மறுத்தவரின் நூலே மறுக்கப்பட்டவரின் குரலைக் காப்பாற்றியிருக்கின்றது.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர் அவர். கிறிஸ்தவ சமயத்தை ஏற்றாரல்லர். ஆனால் அவர்களிடமிருந்த முறைகளைக் கூர்ந்து கற்றார். 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார், 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார், அச்சுக்கூடம் வைத்தார், பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதினார். கோயிலிற் பிரசங்கம் செய்வதும் புராணத்தை வசனத்தில் எழுதுவதும் அக்காலத்துக்குப் புதியவை. அதே நாவலர் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என ஏற்க மறுத்துக் கடுமையாக எழுதினார். முறைகளில் அத்தனை புதுமையை வரவேற்றவருக்கு, தம் காலத்தில் வாழ்ந்த ஓர் அடியாரின் புதுமை உவப்பாகவில்லை. பெரியோரிடத்தும் இவ்விரண்டும் ஒருங்கே இருந்ததுண்டு.

கேள்வி என்பதன் இரு பொருளும் சந்தித்த இடமொன்று கிராமக் கோயில்களில் இருந்தது. அது புராண படனம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டமை பலரும் அறிந்ததே. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். கமம் செய்பவரும் எழுத்தறியாத ஆச்சிமாரும் மடத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்பர். உரை பிழைத்தாற் சபையிலுள்ள கற்றோர் தடை எழுப்புவதும், பயன் சொல்பவர் நின்று விடை கூறுவதும், சில வேளைகளில் அந்த விவாதம் பூசை மணி கேட்கும்வரை நீள்வதும் உண்டு. மறுநாட் படிப்புக்கும் அதே இருவரும் வந்து அதே இடத்தில் அமர்வார்கள்.